மினிக்காய்: மொழி ஒரு கரையில், நாடு மறு கரையில்

 

ஒருவர் பேசும் மொழியையும் அவர் பின்பற்றும் மார்க்கத்தையும் வைத்து, அவர் எந்த நாட்டிற்கு உரியவர் என்று தீர்ப்பளித்துவிட முடியுமா? முடியாது என்பதற்கு இலட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காய் தீவே சான்று.

சுமார் 10,000 முஸ்லிம்கள் வாழும் இத்தீவை அதன் மக்கள் 'மலிக்கு' என்பர். ஏனைய இலட்சத்தீவுகளில் மலையாளம் பெரிதும் வழங்க, இவர்கள் பேசுவதோ மாலத்தீவின் திவேஹி மொழியைச் சார்ந்த மஹல். அதன் 'தானா' எழுத்து, அரபியைப் போன்றே வலமிருந்து இடமாக எழுதப்படுவது. தொலைவும் அவ்வாறே. கல்பேனித் தீவு சுமார் 200 கி.மீ. அப்பால் இருக்க, மாலத்தீவின் வடமுனை சுமார் 130 கி.மீ. தொலைவில்தான் உள்ளது.

ஆயினும் வரலாறு அவர்களை இக்கரையோடு பிணைத்தது. கண்ணூரின் அறக்கல் முஸ்லிம் அரச குடும்பத்தார் இத்தீவை ஆண்டனர். பின்னர் ஆங்கிலேயர் வசமாகி, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இலட்சத்தீவுகள் ஒன்றியப் பிரதேசமாயின. 1976 டிசம்பரில் இந்தியாவும் மாலத்தீவும் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. 1982இல் மாலத்தீவில் எழுந்த ஒரு பேச்சு சலசலப்பை உண்டாக்கியபோது, மினிக்காய் மீது உரிமை கோரவில்லை என்று அந்நாட்டு அரசே தெளிவுபடுத்தியது.

சிந்தித்துப் பாருங்கள்! ஒரே மொழி பேசுவோரின் நடுவே சர்வதேச எல்லை ஓடுகிறது. அக்கரைக்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். இருப்பினும் மலிக்கு மக்கள் தம் மொழியை விட்டுவிடவில்லை; தம் நாட்டையும் விட்டுவிடவில்லை. உலகக் கப்பல்களில் மாலுமிகளாய் உழைத்துவிட்டு, தம் தீவுக்கே திரும்புகின்றனர். தேர்தலில் இந்தியக் குடிமக்களாய் வாக்களிக்கின்றனர்.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் அருள்மறையில் (30:22) கூறுகின்றான். மக்காவைப் பிரிய நேர்ந்தபோது நபி (ஸல்) அவர்கள் அம்மண்ணின் மீது கொண்டிருந்த அன்பை வெளிப்படுத்தினார்கள். பிறந்த மண்ணை நேசிப்பது மனித இயல்பு. அதற்காகத் தாய்மொழியையோ மார்க்கத்தையோ துறக்க வேண்டியதில்லை.

எனவே, அன்பானவர்களே! பேச்சையும் தோற்றத்தையும் கண்டு எவரையும் அந்நியராக எண்ணாதீர்கள். உங்களை எவரேனும் அவ்வாறு எண்ணினால் மனம் தளராதீர்கள். இவ்வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

வேற்றுமைகளைப் புரிந்து வாழும் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.