சும்மா துணைக்கு

படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைப் புரட்டிப் போட வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், வேளைக்கு ஊட்டிவிட வேண்டும். இதையெல்லாம் அமெரிக்கச் சட்டம் ஒரே சொல்லில் முடித்துவிட்டது: துணைக்கு இருத்தல்.

1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு இடமில்லை. 1974-இல் அவர்களைச் சேர்த்தபோது, முதியவருக்கும் நோயாளிக்கும் துணை இருப்பவரை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். எப்போதாவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணும் இவரும் ஒரே கணக்கு! மறுவருடம் தொழிலாளர் துறை, ஏஜென்சியில் மாதக்கணக்காக உழைப்பவருக்கும் அதுவே பொருந்தும் என்று விதி போட்டது.

ஜமைக்காவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து ஏஜென்சியில் இதே வேலை பார்த்த ஈவ்லின் கோக், ஓவர்டைம் கூலி கேட்டு வழக்குப் போட்டார். 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படி விதி போடத் துறைக்கு அதிகாரம் உண்டாம். போட்ட துறைதான் மாற்ற வேண்டும் என்றாயிற்று. 2013-இல் அது மாற்றியது. ஏஜென்சிகள் கோர்ட்டுக்குப் போனதால் 2015-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பராமரிப்புக்குப் பெரும்பணம் தருவது மெடிகெய்ட் என்னும் அரசுத் திட்டம். ஏஜென்சிக்குப் போகும் பணத்தில் பணியாளர் கைக்கு எவ்வளவு வருகிறது? நாடு முழுக்க இதைச் சொல்ல வைக்கும் விதி வெகுகாலம் எதுவும் இருக்கவில்லை. பணியாளரைக் கண்காணிக்கும் கணக்கோ முன்பே பிறந்துவிட்டது. யார், யாருக்கு, என்ன வேலை, எந்தத் தேதி, எந்த இடம், தொடங்கியதும் முடித்ததும் எப்போது என்று மின்னணுவில் பதியச் சொன்னது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். நிமிடத்தை எண்ணத் தெரிந்த அரசுக்கு டாலரை எண்ண இன்னும் எட்டு வருடம் பிடித்தது.

2024-இல் வந்த விதி அதைச் சொன்னது: வீட்டுப் பராமரிப்புக்குத் தரும் 100 டாலரில் 80, பணியாளரின் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் அவர் பேரில் கட்டும் வரிக்கும் போக வேண்டும். பயிற்சி, பயணம், கையுறை, முகக்கவசச் செலவுகளைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு. மாநிலங்கள் 2028-இல் அறிக்கை தரத் தொடங்க வேண்டும். 80-ஐ எட்ட 2030 வரை அவகாசம். தாராளமான அவகாசம்தான்.

இதற்கிடையே 2025 ஜூலையில் தொழிலாளர் துறை, 2013-இல் செய்த மாற்றத்தை விலக்கிக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தது. அப்படி நடந்தால் ஏஜென்சிப் பணியாளர் மறுபடியும் துணைக்கு இருப்பவர்தான்.