குளிர்ந்த ஹீலியத்தில் பிழைத்த எதிர்ப்புரோட்டான்

ஃபிசிக்ஸ் லேப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்!

பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழியும். டிராக் 1928-ல் எழுதிய சமன்பாட்டில் முளைத்த விஷயம் இது. 1932-ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டார். 1955-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் சேக்ரே, சேம்பர்லேன் குழுவினர் எதிர்ப்புரோட்டானையும் உண்டாக்கிக் காட்டினார்கள்.

அதை ஒரு திரவத்துக்குள் விட்டால்? ஏதாவது ஓர் அணுக்கருவில் போய் விழுந்து, ஒரு செகண்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கதை முடிந்துவிடும் என்பதுதான் கணக்கு. ஆனால் 1991-ல் ஜப்பானின் கே.ஈ.கே. ஆய்வுக்கூடத்தில் திரவ ஹீலியத்தில் செலுத்திப் பார்த்தபோது, சுமார் 3 சதவீதம் மட்டும் சில மைக்ரோ செகண்டுகள் தாக்குப்பிடித்தன. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அவற்றுக்கோ பத்து லட்சம் மடங்கு நீண்ட ஆயுள்!

எப்படி? ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றைத் துரத்திவிட்டு, எதிர்ப்புரோட்டான் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கருவிலிருந்து தள்ளிச் சுற்றுகிறது. மிச்சமிருக்கும் எலக்ட்ரான் அதற்குக் காவல். பையான் துகளுக்கு இப்படி நடக்கலாம் என்று கான்டோ என்பவர் 1964-லேயே சொல்லியிருந்தார். 27 வருஷம் கழித்துத்தான் இந்தச் சாட்சி கிடைத்தது.

பிறகு செர்ன் ஆய்வுக்கூடத்தார் இந்த விசித்திர அணுவின்மேல் லேசரைப் பாய்ச்சி எடை போட்டார்கள். 2011-ல் வந்த விடை: எதிர்ப்புரோட்டான், எலக்ட்ரானைப்போல் 1836.15 மடங்கு. புரோட்டானும் அதேதான்.

2022-ல் இன்னொரு அதிசயம். திரவத்தில் பக்கத்து அணுக்கள் இடித்துக்கொண்டே இருப்பதால் நிறமாலைக் கோடுகள் மங்கி அகலமாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்து மிகைப்பாய்மம் ஆக்கியதும், கோடு சட்டென்று மெலிந்து கூர்மையானது. சாதாரண அணுவில் லேசர் பட்டால் எலக்ட்ரான் மேகம் உப்பி அக்கம்பக்கத்தைத் தள்ளும். இங்கே தாவுவது எதிர்ப்புரோட்டான். எலக்ட்ரான் மேகம் அநேகமாக அப்படியே இருக்கிறது.

இதனால் என்ன பிரயோஜனம் என்பீர்கள். பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமம் என்றால் இந்தப் பிரபஞ்சத்தில் நாம் மட்டும் எப்படி மிஞ்சினோம்? அந்தக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை. தேடுகிறவர்களுக்குக் கிடைத்த நல்ல தராசு, அழியாமல் நின்ற அந்த 3 சதவீதம்தான்.