கடையில் முடியாத பொம்மை

மரப்பாச்சி கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போது வெறும் மரம்தான். தலை, மார்பு, இடுப்பு, உடம்போடு ஒட்டிய கைகள். செதுக்கியவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். நெற்றிக்குப் பொட்டு, கண்ணுக்கு மை, பெண் பொம்மைக்கு ஜரிகைத் துண்டில் தைத்த புடவை, ஆண் பொம்மைக்குப் பஞ்சகச்சமும் தலைப்பாகையும், கழுத்துக்குப் பாசிமணி எல்லாம் வீட்டில் நடக்கும் வேலை. கல்யாணச் சீரோடு வந்த அந்த ஜோடி ஒரு நவராத்திரிக்கு ராஜா ராணியாக நிற்கும். அடுத்த வருஷம் மாப்பிள்ளை பெண்ணாக. இன்னொரு வருஷம் கிருஷ்ணன் ராதையாக. பொம்மை அதேதான். ஆளை மாற்றுவது வீட்டுப் பெண்களின் ஊசியும் நூலும்.

இன்று சென்னையில் சூப்பர் ஹீரோ பொம்மைகளைக் ‘கஸ்டம்’ செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய ஸ்பைடர்மேனின் வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு உடை தீட்டுகிறார்கள். ஒரு பொம்மையின் தலையை இன்னொன்றின் உடலில் பொருத்துகிறார்கள். தைத்த துணியில் பேட்மேனுக்கு மேலங்கி போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக்ஸ் ரசிகர்களின் காமிக் கான் விழா முதல் தடவையாகச் சென்னைக்கு வந்தபோது, இந்த உலகத்துக்கு இங்கே எவ்வளவு பெரிய கூட்டம் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தது. பார்ப்பவர்களுக்குக் கஸ்டம் வேலை அமெரிக்காவிலிருந்து இறங்கிய பொழுதுபோக்கு. ஆனால் மயிலாப்பூர்ப் பக்கத்தில், விற்கிறவர் ஒரு நிலையில் விட்ட பொம்மையை வாங்குகிறவர் முடிப்பது பல தலைமுறைப் பழக்கம். பிளாஸ்டிக் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கைகள் தயாராக இருந்தன.

அந்தப் பழக்கம் வளர்ந்த மயிலாப்பூரின் கடலோரத்தில் நொச்சிக்குப்பம். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, லூப் ரோட்டை ஒட்டிய மீனவர் ஊர். அங்கிருந்து சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடந்து கச்சேரி ரோட்டில் மேற்கே நடந்தால், சற்று நேரத்தில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகள். போர்த்துகீசியர் சாந்தோமில் கால் ஊன்றிய 16-ஆம் நூற்றாண்டில், கடலோரத்தில் இருந்த பழைய கோயில் அழிந்து, பிற்பாடு இன்றைய இடத்தில் எழுந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கோயில் உள்ளே தள்ளிப் போனாலும், கடற்கரைக்கும் மாட வீதிக்கும் உள்ள போக்குவரத்து நிற்கவில்லை. நவராத்திரிக்கு வீட்டில் பொம்மைகளைப் படிகளில் அடுக்கும் கொலுவுக்குப் பக்கத்தில் ‘பார்க்’ கட்டும் பிள்ளைகளுக்கு மணல் அந்தக் கரையிலிருந்துதான் வந்தது. மணலைப் பரப்பி, கேழ்வரகும் கடுகும் விதைத்துப் புல்வெளி வளர்த்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, தீப்பெட்டியில் வீடு கட்டினார்கள்.

கொலுவின் வேரை அரண்மனைகளில் தேடுவது வழக்கம். 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி தொமிங்கோ பயஸ், அங்கே நடந்த மகாநவமி விழாவை விரிவாக எழுதிவைத்தார். நாயக்கர், மராத்தியர் அரசவைகள் வழியாக நவராத்திரிக் கொண்டாட்டம் தமிழ்நாட்டில் வளர்ந்தது. ராமநாதபுரத்துச் சேதுபதிகளும் அதைப் பெரிதாக நடத்தினார்கள். அரசன் வீற்றிருந்த சபை, வீட்டுக் கூடத்தில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது எனப் படிகளாயிற்று. படிகள் வந்ததும் அவற்றை நிரப்பப் பொம்மை வேண்டியிருந்தது.

அந்தப் பொம்மைகள் பண்ருட்டியிலிருந்து வந்தன. கடலூர் வண்டிப்பாளையம், காஞ்சிபுரம், மதுரைக்கு அருகே விளாச்சேரி, நகருக்குள்ளேயே புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டை என்று குயவர் குடும்பங்கள் வாழ்ந்த ஊர்களிலிருந்தும் வந்தன. இன்றும் நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி நடைபாதை முழுக்க அவைதான். வேலை நடக்கும் முறையில் பெரிய மாற்றம் இல்லை. பிசைந்த களிமண்ணை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சுகளில் அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய தடத்தை ஈரக்கையால் தேய்த்து மறைத்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். சுட்ட மண்ணில் நேரே வர்ணம் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதலில் வெள்ளை அடிக்கிறார்கள். பிறகு உடல் நிறம், உடை, நகை. கண் கடைசியில்தான் திறக்கும். அச்சிலிருந்து நூறு பொம்மை ஒரே மாதிரி வரலாம். கண் தீட்டும் தூரிகை நூறு தடவை தனித்தனியாக இறங்க வேண்டும். பழகிய வாடிக்கையாளர்கள் ஒரே வரிசையில் நிற்கும் பத்து மீனாட்சிகளில் முகம் பார்த்து ஒன்றை எடுப்பது அதனால்தான். பின்னால் காகிதக் கூழ் பொம்மைகள் வந்தபோது எடை குறைந்தது, உடைவது குறைந்தது. வெள்ளை அடிப்பதும் கண் திறப்பதும் அப்படியே தொடர்ந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த கட்டம். பரணில் வருஷம் முழுவதும் பழந்துணியிலும் செய்தித்தாளிலும் கிடந்த பொம்மை, மூக்கு உதிர்ந்தோ விரல் முறிந்தோ இறங்கும். முன்பு கொசப்பேட்டைக் கைவினைஞரிடம் கொண்டுபோய்ப் புது வர்ணம் அடித்து வாங்குவார்கள். கை வந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்வார்கள். செட்டியார் பொம்மைக்கு முன்னால் நிஜப் பருப்பும் அரிசியும் குவித்து மளிகைக் கடை வைப்பது, பித்தளைச் சொப்புகளால் சமையலறை அமைப்பது, தேங்காயில் கண்ணும் மூக்கும் ஒட்டிக் கலசத்தை அம்மனாக்குவது என்று வேலை நீளும்.

மரத்தோடும் மண்ணோடும் இந்தக் கை நிற்கவில்லை. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் தென்னாட்டு வீடுகளுக்கு வந்தபோது, பெண்கள் அந்தக் காகிதத்தின் மேலேயே பட்டுத் துணியை வெட்டி ஒட்டினார்கள். ஜரிகைக் கரை வைத்தார்கள். ஜிகினாவும் சம்கியும் மணியும் கோத்து நகை செய்தார்கள். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரே படம், ஒட்டி முடித்ததும் அந்த ஒரு வீட்டுக்கே உரிய படமாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த பீங்கான் பொம்மைகளுக்கும் இதே உபசாரம் நடந்தது. பழம்பொருள் ஏலங்களில் இன்று அவை வரும்போது, பீங்கானின் பழமையோடு அந்தத் துணி வேலையும் சேர்ந்தே மதிப்புப் பெறுகிறது.

‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரில், இன்று கஸ்டம் செய்யப்படும் பொம்மை வகை பிறந்தது 1964-இல். அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ, ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாயைச் சுமார் 12 அங்குல உயரத்தில் வெளியிட்டது. பொம்மை என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பயந்து, நிறுவனம் அந்தப் புதுப் பெயரை வைத்தது. 1982-இல் அதே ஜி.ஐ. ஜோ மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருங்கி மறுபிறவி எடுத்தான். கஸ்டம் கலைக்கு வழி திறந்தது அந்தச் சிறிய உருவம்தான். உடலின் மேல்பாதியையும் கால்களையும் இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருந்தது; முதுகில் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் தலை, மார்பு, கைகள், இடுப்பு, கால்கள் தனித்தனியாக வந்துவிடும். இருபது பொம்மை வைத்திருந்த பையனிடம் உண்மையில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் இருந்தன.

அந்தப் பொம்மை இந்தியாவுக்கு வந்தது சென்னை வழியாக. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில் டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் அதே நிறுவனம் ஹாஸ்ப்ரோவோடு கைகோத்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. தலைமை அலுவலகம் சென்னையில், முதல் தொழிற்சாலை கோவாவில். ஹாஸ்ப்ரோவின் அச்சுகளில் வார்த்த ஜி.ஐ. ஜோக்கள் இந்தியக் கடைகளில் தொங்கின. வடிவம் அமெரிக்கப் பொம்மையுடையதுதான். வர்ணங்கள் பல வேளைகளில் வேறு. அங்கே மங்கலான பச்சையில் வந்தவன் இங்கே பளிச்சென்ற நிறத்தில் நின்றான்.

ஃபன்ஸ்கூல் இன்னும் ஒரு படி போனது. ‘ஸ்ட்ரீட் ஹாக்’ தொடர் தூர்தர்ஷனில் ஓடி, கறுப்பு மோட்டார் சைக்கிள் வீரன் நாடு முழுக்கப் பிள்ளைகளின் நாயகனாக இருந்த காலம் அது. ஏற்கெனவே கையில் இருந்த ஜி.ஐ. ஜோ உறுப்புகளைக் கொண்டே ஸ்ட்ரீட் ஹாக் என்று ஒரு பொம்மையை அந்த நிறுவனம் விற்றது. அமெரிக்கக் கடைகளில் கிடைக்காத பொம்மை அது. கஸ்டம் செய்கிறவர் வீட்டு மேஜையில் செய்வதை இங்கே தொழிற்சாலையே செய்தது. பிற்பாடு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடித் தேடி வாங்கியதற்கு இந்த வர்ண மாற்றங்களும் உறுப்புக் கலவைகளும் முக்கியக் காரணம்.

இன்றைய கஸ்டம் வேலையின் படிகளைப் பார்த்தால் மாட வீதிப் பொம்மைக்காரருக்கு எதுவும் புதிதாக இருக்காது. தலையைக் கழற்றப் பொம்மையை வெந்நீரில் போடுகிறார்கள்; பிளாஸ்டிக் இளகி மூட்டு விடுபடுகிறது. பழைய வர்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். புதுத் தசை, புதுக் கவசம் வேண்டுமென்றால் எம்-சீல் ஒட்டுக்களி. இரண்டு களிகளைச் சமமாகப் பிசைந்து, இறுகுவதற்குள் உருவம் பிடித்து, இறுகிய பின் தேய்க்க வேண்டும். அதன் மேல் பிரைமர். மண் பொம்மைக்கு அடித்த வெள்ளை செய்யும் அதே வேலையை இது செய்கிறது. பிறகு அக்ரிலிக் வர்ணம், மெல்லிய பூச்சுகளாக. கண் கடைசியில், ஒற்றை மயிர்த் தூரிகையில். மண் பொம்மைக்காரருக்கு இல்லாத ஒரு தொல்லையும் உண்டு. ஆக்‌ஷன் ஃபிகர் அசையும். தோளும் முழங்காலும் உரசுகிற இடத்தில் புது வர்ணம் உரிந்துவிடும். வர்ணத்தின் கனத்துக்கு இடம் விட, மூட்டின் உட்புறத்தை முன்கூட்டியே கொஞ்சம் தேய்த்து வைப்பதில் அனுபவம் தெரியும்.

எம்-சீலைப் போலப் பிசினும் கடினமாக்கியும் கலந்து இறுக வைக்கிற வித்தை நொச்சிக்குப்பத்துக் கரையில் அன்றாடத் தொழில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. படகில் விரிசல் கண்டால் அந்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை வைத்து, பிசினில் கடினமாக்கியைச் சரியான அளவில் கலந்து பூசி, இறுகிய பின் மறுபடி தேய்த்து வர்ணம் அடிக்கிறார்கள். கடினமாக்கி கூடினால் பூச்சு வெடிக்கும், குறைந்தால் இறுகாது. தேய்த்த மேற்பரப்பில்தான் பூச்சு பிடிக்கும் என்பது பொம்மைக்கும் படகுக்கும் பொது. உரு மாற்றும் கலையை நகரத்துப் பிள்ளைகள் காணொளியில் கற்கிறார்கள். அதை நேரில் கற்றுத்தரக்கூடிய ஆசிரியர்கள் லூப் ரோட்டிலேயே இருக்கிறார்கள்.

கொலுப்படியும் புதியவர்களை என்றும் ஒதுக்கவில்லை. தெய்வங்களுக்குக் கீழே காந்தியும் நேருவும் வந்தார்கள். கல்யாண செட்டுக்குப் பக்கத்தில் கிரிக்கெட் செட் வந்தது. குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்த்த சோட்டா பீம் மண்ணில் வார்க்கப்பட்டான். 2019-இல் காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுக்குப் பிறகு கோயில் குளத்திலிருந்து வெளியே வந்த அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தார்; அந்த வருஷத்து நவராத்திரியில் மாட வீதி முழுக்க அத்திவரதர் பொம்மைகள். சில வாரங்களுக்குள் அச்சு எடுத்து, சுட்டு, வர்ணமடித்துச் சந்தைக்குக் கொண்டுவந்த குயவர் குடும்பங்களின் வேகம் எந்தப் பெரிய பொம்மை நிறுவனத்துக்கும் சவால்.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய குறை உண்டு. செய்த கைகளுக்குப் பெயர் இல்லை. கண் திறந்தவர் யார், 1940-களில் ஒரு மரப்பாச்சிக்குப் பச்சைப் பட்டைத் தைத்தவர் யார், ரவிவர்மா சரஸ்வதிக்குச் சம்கி வைத்தவர் யார் என்று பொம்மை சொல்வதில்லை. இளைய கஸ்டம் கலைஞர்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறார்கள். முடித்த பொம்மையின் பாதத்தடியில் தங்கள் பெயரையும் வருஷத்தையும் எழுதுகிறார்கள். எந்த உடல், எந்தத் தலை, எந்த வர்ணம் என்று குறித்தும் வைக்கிறார்கள். கொலு வைக்கும் வீடுகளும் இதைச் செய்யலாம். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றும்போது, அடிப்பாகத்தில் பென்சிலால் இரண்டு வரி போதும்: எங்கே வாங்கியது, யார் வர்ணமடித்தது, யார் உடை தைத்தது. வடக்கு மாட வீதியில் வாங்கும்போதே பண்ருட்டியா கொசப்பேட்டையா என்று கேட்டுக்கொள்ளலாம். விற்கிறவர் பெரும்பாலும் செய்தவர் குடும்பத்து ஆளாகவே இருப்பார். பெயரும் ஊரும் அவரிடமே கிடைக்கும்.