சிவப்பு மை வாத்தியார்

அனாடமி பாடத்தில் 59.3 மார்க். பாஸாக வேண்டுமென்றால் 60. ஒரு மார்க்கைக்கூடத் தொடாத வித்தியாசத்தில் கோட்டை விட்டிருக்கிறான் பையன். இதில் கூத்து என்ன தெரியுமா? ‘அனாடமி வாத்தியார் இவனுக்கு மட்டும் பரீட்சைக் கேள்விகளை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிட்டார்’ என்று கூடப் படிக்கிறவர்கள் புகார் கிளப்பினார்கள்!

கேள்விகளைத் தெரிந்துகொண்டு போனவன் அதே பாடத்திலா ஃபெயிலாவான்? இதை யோசிக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. காரணம், பையன் சீனாக்காரன். இடம், ஜப்பான். வருடம் 1905.

பையனின் பெயர் ஜோ ஷுரென். பிற்பாடு ‘லூ சுன்’ என்ற புனைபெயரில், நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று கொண்டாடப்படப் போகிறவர். நாமும் அவரை அந்தப் பெயரிலேயே அழைப்போம்.

1881-ல் சீனாவின் ஷாவ்ஷிங் நகரில் பிறந்தார் லூ சுன். சிறு வயசிலேயே அப்பா நோயில் விழுந்தார். அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடப்பதே பையனின் வேலையானது. நாட்டு வைத்தியர் எழுதித் தந்த மருந்துகள் என்னென்ன என்கிறீர்கள்? அதில் ஒன்று, ஒரு ஜோடி சுவர்க்கோழிப் பூச்சி. அதுவும் ஒரே வளையில் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய ஜோடியாக இருக்க வேண்டுமாம்! 1896-ல் அப்பா இறந்துபோனார். ‘உருப்படியான வைத்தியம் படித்து, அப்பாவைப் போன்றவர்களைக் காப்பாற்ற வேண்டும்’ என்ற வெறி பையனின் மனசில் விழுந்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் சீனாவின் நிலைமை படு மோசம். 1895-ல் குட்டி ஜப்பானிடம் போரில் தோற்று, தலைகுனிந்து நின்றது அந்தப் பெரிய தேசம். ‘நம்மை அடித்தவனிடமே போய்ப் பாடம் கற்போம்’ என்று இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானுக்குக் கப்பலேறினார்கள். அரசாங்க உதவித்தொகையோடு 1902-ல் லூ சுன்னும் டோக்கியோவில் போய் இறங்கினார். மறு வருடமே, மஞ்சு ராஜாங்கம் ஒவ்வொரு சீன ஆணின் தலையிலும் திணித்திருந்த நீளப் பின்னலை வெட்டி எறிந்தார். வெளிநாட்டில் அவர் எடுத்த துணிச்சலான சொந்த முடிவு அது!

டோக்கியோவில் எங்கு பார்த்தாலும் சீன மாணவர்கள். கூட்டமாகச் சுற்றுவது, டான்ஸ் கற்பது, அரட்டை. ‘இதற்கா கடல் தாண்டி வந்தோம்?’ என்று நொந்துபோனவர், 1904-ல் வடக்கே செண்டாய் நகரத்து மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். அங்கே படித்த ஒரே சீன மாணவர் அவர்தான். கல்லூரி அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. ‘சிறைக்கைதிகளுக்குச் சமைத்துப் போடுகிற இடத்தில் நீங்கள் தங்கலாமா?’ என்று அக்கறையோடு சிலர் விடுதியை மாற்ற வைத்தார்கள். விளைவு? புது விடுதியில் தினமும் சேப்பங்கிழங்குத் தண்டு சூப். பாவம், தொண்டையில் இறங்கவில்லை. வீட்டைவிட்டுத் தூரதேசம் போன எந்த மாணவருக்கும் இந்தச் சோகம் புரியும்!

இந்த இடத்தில்தான் ஃபுஜினோ வருகிறார். அனாடமி புரொபசர். லூ சுன்னைவிட ஏழு வயசுதான் மூத்தவர். உடை விஷயத்தில் அலட்சியமான மனிதர். அவருடைய பழைய ஓவர்கோட்டைப் பார்த்துவிட்டு, ரயிலில் கண்டக்டர் ஒருவர் ‘பிக்பாக்கெட்டோ!’ என்று சந்தேகப்பட்டதாகக் கல்லூரியில் ஒரு கதை உலாவியது.

வகுப்பு தொடங்கிச் சில நாட்களில் லூ சுன்னைத் தனியே அழைத்த ஃபுஜினோ, நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்த லூ சுன் திகைத்துப்போனார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சிவப்பு மை! விட்டுப்போன பாடங்களைச் சேர்த்திருந்தார். ஜப்பானிய மொழி இலக்கணப் பிழைகளைக்கூட விடவில்லை. வாரம் தவறாமல் இது தொடர்ந்தது. ஒருமுறை ரத்தக்குழாய் ஒன்றை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கொஞ்சம் நகர்த்தி வரைந்துவிட்டார் மாணவர். ‘அழகுதான். ஆனால், உடம்புக்குள் இருப்பதை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதே’ என்று பொறுமையாகத் திருத்தினார் வாத்தியார்.

அந்தச் சிவப்பு மைதான் சக மாணவர்களின் கண்ணை உறுத்தியது. கேள்விகளை நோட்டில் குறித்துக் கொடுத்துவிட்டார் என்று வதந்தி. நோட்டைச் சோதனை போட்டார்கள். மொட்டைக் கடிதம்கூட வந்தது. உண்மையில், 142 பேரில் அவர் எடுத்தது 68-வது இடம். பலவீனமான நாட்டிலிருந்து வந்தவன் சொந்த மூளையில் பாஸாக முடியாது என்று அவர்களாகவே முடிவுகட்டியதுதான் லூ சுன்னைச் சுட்டது. நல்லவேளை, நியாயம் தெரிந்த சில வகுப்புத் தோழர்கள் தட்டிக் கேட்க, வதந்தி அடங்கியது.

அதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது. பாக்டீரியா பாடத்துக்கு ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். பாடம் முடிந்து நேரமிருந்தால், அப்போதுதான் முடிந்திருந்த ரஷ்ய-ஜப்பான் யுத்தத்தின் படங்களும் ஓடும். ஒரு நாள் திரையில் ஒரு சீனன். ரஷ்யாவுக்கு உளவு பார்த்ததாகப் பிடித்து, அவன் தலையை வெட்டப் போகிறார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் சீனர்களே! நல்ல ஆரோக்கியமான உடம்புகள். முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. வகுப்பறை கைதட்டி ஆரவாரம் செய்ய, உள்ளே இருந்த ஒரே சீன மாணவர் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

‘உடம்பைக் குணப்படுத்தி என்ன பிரயோஜனம்? முதலில் மாற வேண்டியது மனசு. அதற்கு மருந்து எழுத்துதான்...’ பிற்பாடு லூ சுன்னே எழுதியபடி, அவர் வாழ்க்கை திசை மாறியது அங்கேதான். ஊரிலேயே இருந்திருந்தால் அவரும் அந்தக் கூட்டத்தில் ஒரு முகமாக நின்றிருக்கலாம். அந்நிய வகுப்பறையில் உட்கார்ந்ததால்தான் தன் ஜனங்களை வெளியிலிருந்து பார்க்க முடிந்தது.

1906-ல் டிகிரி வாங்காமலே செண்டாயிலிருந்து கிளம்பினார். ஃபுஜினோவின் முகம் வாடியதைப் பார்த்ததும், ‘உயிரியல் படிக்கப் போகிறேன், உங்கள் பாடம் அதற்கு உதவும்’ என்று ஒரு பொய் சொன்னார். வாத்தியார் தன் போட்டோவைக் கொடுத்தார். பின்புறம், பிரிவின் வருத்தத்தைச் சொல்லும் இரண்டே எழுத்துக்கள்.

1918-ல் ‘ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ வெளிவந்தது. சீன இலக்கியமே திரும்பிப் பார்த்தது. ஆனால், அந்த வாத்தியாருக்கு மட்டும் லூ சுன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் சாதிக்கவில்லையே என்ற கூச்சம்! போட்டோவை மட்டும் பீஜிங் வீட்டில், எழுதும் மேஜைக்கு எதிரே சுவரில் மாட்டி வைத்திருந்தார். 1926-ல் ஃபுஜினோவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1935-ல் ஜப்பானிய மொழியில் அவர் படைப்புகள் வந்தபோது, அந்தக் கட்டுரை அவசியம் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எங்கேயாவது வாத்தியார் கண்ணில் படாதா என்ற ஏக்கம்தான்.

1936-ல் லூ சுன் இறந்தார். கல்லூரி வேலையை எப்போதோ இழந்து, சொந்த கிராமத்தில் சாதாரண டாக்டராக இருந்த ஃபுஜினோவுக்கு அதன்பிறகே விஷயம் முழுசாகத் தெரிந்தது. சிறு வயசில் சீனத்து நூல்களைப் படித்ததால் அந்த நாட்டின் மேல் தனக்கு மரியாதை, அந்த நாட்டு மனிதர்களையும் மதிக்க வேண்டும் என்று தோன்றியது என்றார் அவர். 1937, ஜப்பானிய ராணுவம் சீனாவுக்குள் முழுவீச்சில் புகுந்த வருடம். ஃபுஜினோ அப்படி எழுதியதும் அதே வருடம்தான்!

தொலைந்துவிட்டதாக லூ சுன் வருந்திய அந்த நோட்டுகள், 1951-ல் அவருடைய சொந்த ஊரிலேயே கிடைத்தன. இன்றைக்கும் பீஜிங் லூ சுன் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன, சிவப்பு மைத் திருத்தங்களோடு.

உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது வெளிநாட்டில் படிக்கப் போயிருக்கலாம். போனில் பேசும்போது மார்க் பற்றி விசாரியுங்கள், தப்பில்லை. கூடவே, ‘அங்கே உனக்கு யாரெல்லாம் பழக்கம்?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்!