காட்சியும் காணியும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை நிலக்காட்சி ஓவியம் பற்றிய ஒரு குறிப்பு

கொடிகாமத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கே செல்லும் அயலவருக்கு, இருமருங்கும் உள்ள பனங்கூடல்கள் தாமாக வளர்ந்த காடாகத் தோன்றக்கூடும். ஆனால் அப்பனைகளுக்கு உடையவர் உண்டு; ஏறியவரும் ஓலை வெட்டியவரும் உண்டு. 1706-07இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, நிலத்தின் உரிமையினின்றும் அதில் நட்ட மரத்தின் உரிமையைப் பிரித்து நோக்கியது. எனவே நிலத்தை ஆளற்றதாகக் காண்பது கண்ணின் இயல்பன்று. அது வரலாற்றின் வழிவந்த ஒரு நோக்கு என்றே நாம் கருதுகின்றோம்.

ஆங்கிலேய நிலக்காட்சி ஓவிய மரபில் மனிதர் பெரும்பாலும் மரத்தின் உயரத்தையும் இடிபாட்டின் பரப்பையும் அளந்து காட்டும் சிற்றுருவங்களே. சாமுவேல் டானியல் 1808இல் வெளியிட்ட இலங்கை ஓவியத் தொகுதியின் தலைப்பு நிலக்காட்சி, விலங்கு, சுதேசக் குடிகள் என்ற வரிசையில் அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1846இல் இலங்கை வந்து கொழும்பு அக்கடமியில் ஓவியம் கற்பித்த அயர்லாந்தினரான அன்ட்ரூ நிக்கொல், 1848இல் காடுகளூடே சென்று பண்டைய இடிபாடுகளை வரைந்தார். அவ்வாண்டிலேயே புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஓவியர் பாழையும் அமைதியையும் நாடிச் சென்ற நாட்டில் குடிகள் வாளாவிருக்கவில்லை.

இந்நோக்கிற்குச் சட்டத்திலும் ஓர் இணை உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. சேனைப் பயிர்ச்செய்கையில் மண் வளம்பெற விடப்பட்ட நிலமும் காடுபோலவே தோன்றும். அவ்வாறு தோன்றிய நிலத்திற்குக் குடியானவன் உரிமையை நிரூபிக்க வேண்டியவனானான். காணிகள் கோப்பித் தோட்டங்களாயின. ஓவியர் சட்டத்திற்குத் துணைநின்றார் என்பதன்று எமது வாதம். இருவரும் உழைப்பின் தடத்தைக் காணாத ஒரே கண்ணைப் பெற்றிருந்தனர் என்பதே. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, நோயால் வழியிலேயே மாண்ட தென்னிந்தியத் தொழிலாளருக்குக் காடு இரசனைப் பொருளாக இருந்திருக்க முடியாது.

முதல், கரு, உரி எனப் பகுத்த எமது திணை மரபு நிலத்தை மனிதரோடும் தொழிலோடும் இணைத்தே கண்டது என நாம் பெருமை கொள்வதுண்டு. அப்பெருமைக்கும் வரம்பு உண்டு. அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் ஐந்திணைக்குப் புறத்தேதான் வைத்தது. தேசவழமையும் பனையின் உடைமையாளனைப் பேசியதோடு, அடிமை முறையை அங்கீகரிக்கவும் செய்தது. ஆகவே அயலவர் நோக்கை மட்டும் கண்டித்து நாம் அமைதியுற இயலாது.

இது பழங்கதையுமன்று. 2009இல் போர் முடிந்தபின், இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற காணிகளில் மரம் மண்டியதால் அவை காடாக எல்லையிடப்பட்டன என்ற முறைப்பாடுகள் வடக்கில் எழுந்தன. மனிதர் இல்லாத நிலக்காட்சி ஒன்றைக் காணும்போது, அவர்கள் அங்கு இருந்ததில்லையா, அகற்றப்பட்டனரா, அன்றி வரையப்படவில்லையா என்று வினவுவதே வரலாற்று ஆய்வின் முதற்கடன்.