வளரும் மூளையின் தடுப்புகள்

கருவிலும் பச்சிளங்குழந்தையிலும் இரத்தத்தில் ஓடும் பொருள்கள் மூளைத் திசுவுக்குள் கண்டபடி புகாமல் காக்கும் உயிரணு அமைப்புகள் வளரும் மூளையின் தடுப்புகள் எனப்படும். இவற்றுள் முதன்மையானது மூளை நுண்குழாய்களின் உட்சுவர். 'இரத்த–மூளைத் தடுப்பு' என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுவே. மூளையறைகளுக்குள் மூளை–தண்டுவட நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலும், மூளையுறையின் சிலந்திப்படலமும் ஏனைய தடுப்புகள். கருவுக்கு மட்டும் இன்னொன்று உண்டு: மூளையறைகளின் உட்சுவரில் உயிரணுவை உயிரணுவோடு பட்டைகளாய் இறுக்கும் இணைப்புகள். இவை மூளை வளர்ந்தபின் மறைந்துபோகின்றன. வளர்ந்தவருக்கு இல்லாத ஒரு காப்பு கருவுக்கு இருக்கிறது என்ற செய்தி பாடநூல்களில் அபூர்வமாகவே தென்படுகிறது.

வரலாறு

இத்துறையின் வரலாறு பெரிதும் சாயங்களின் வரலாறு. 1885இல் ஜெர்மனியின் பால் எர்லிக் விலங்குகளின் உடலில் சாயம் ஏற்றிப் பார்த்தார். பிற உறுப்புகள் நிறமேறின, மூளை வெளுத்தே இருந்தது. மூளைக்கு அச்சாயத்தின்மேல் நாட்டமில்லை என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மான் 1913இல் டிரைபன் நீலம் என்ற சாயத்தை நேரே மூளை–தண்டுவட நீரில் செலுத்தினார். மூளை நீலமாயிற்று, மற்ற உறுப்புகள் ஆகவில்லை. நாட்டமில்லாமை என்ற விளக்கம் அத்தோடு போயிற்று. இடையில் ஏதோ மறிக்கிறது என்பது தெளிவானது.

1921இல் அதற்குப் பெயர் சூட்டிய இருவருள் ஒருவர் லீனா ஸ்டெர்ன், ஜெனீவா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர். மற்றவர் ரெமோன் கோத்தியே. ஸ்டெர்ன் 1925இல் சோவியத் நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1939இல் அதன் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரான முதல் பெண்ணும் அவரே. 1949இல், யூதர்களின் பாசிச எதிர்ப்புக் குழுவில் இருந்த குற்றத்துக்காகக் கைதானார். 1952இல் அவ்வழக்கில் 13 பேர் சுடப்பட்டனர். அவர் கசக்ஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டு உயிர்பிழைத்தார். 1953இல் திரும்பிவந்து மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்தார்.

பச்சிளம் விலங்குகளின் தடுப்பை முறையாக ஆராயத் தொடங்கியதும் ஸ்டெர்ன் குழுதான். 1920களின் பிற்பகுதியில் அவர்கள் செய்த சோதனைகளில், புதிதாய்ப் பிறந்த சில விலங்குகளின் மூளைக்குள் இரத்தத்தில் ஏற்றிய பொருள் நுழைந்தது. கினிப்பன்றிக் குட்டியில் நுழையவில்லை. மற்றவற்றில் நுழைந்ததைக் கொண்டு 'குழந்தையின் தடுப்பு முதிராதது, ஒழுகக்கூடியது' என்ற கருத்து கிளம்பியது. பிற்காலத்தார் கினிப்பன்றியை மறந்துவிட்டு மீதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டனர்.

எதிர்ச்சான்று முன்பே கைவசம் இருந்தது. 1920இல் ஜார்ஜ் விஸ்லாக்கி கினிப்பன்றிக் கருக்களில் டிரைபன் நீலம் செலுத்தியபோது மூளைத் திசு நிறமேறவில்லை. பின்னரும், 1954இல் ஸ்வீடனின் குரோன்டாஃப்ட் உயிரற்ற மனிதக் கருக்களில் அதே சாயத்தைச் சோதித்து, ஏறத்தாழ 12 வாரக் கருவிலேயே தடுப்பு செயல்படுவதாகக் காட்டினார்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் நார்மன் சாண்டர்ஸ், கதார்சினா ஜிகெலெவ்ஸ்கா, கோபன்ஹேகனின் கேல்ட் மோல்கார்ட் ஆகியோர் பல பத்தாண்டுகள் உழைத்து இவ்வழக்கை முடித்துவைத்தனர். செம்மறிக் கருக்களிலும், மிகவும் முதிராத நிலையிலேயே குட்டிகளை ஈனும் ஒப்போசம் போன்ற பைப்பாலூட்டிகளிலும் அவர்கள் ஆய்ந்தனர். பழைய சோதனைகளின் பிழை எளியது. சிறு உடலில் பெருமளவு நீர்மத்தை வேகமாய் ஏற்றினால் நுண்குழாய்கள் பிய்ந்துபோகும். ஆல்புமினோடு ஒட்டும் அளவை மீறிய சாயமோ, புரதத்தைவிட்டுத் தனியே நுழையும். கருவின் மூளை–தண்டுவட நீரில் புரதம் மிகுந்திருப்பதையும் ஒழுக்கு என்றே கருதிவந்தனர். உண்மையில் கோராய்டு பின்னலின் சில அணுக்கள் புரதங்களைத் தெரிந்தெடுத்துக் கடத்துகின்றன. ஆகவே கருவின் தடுப்பு ஓட்டையானதல்ல; வேலைதான் வேறு.

அமைப்பும் தோற்றமும்

1967இல் ரீஸும் கார்னோவ்ஸ்கியும் மின்னணு நுண்ணோக்கியில், நுண்குழாய்ச் சுவரின் அணுக்களுக்கிடையே உள்ள இறுக்கமான இணைப்புகளே தடுப்பு என்று காட்டினர். அங்குள்ள கிளாடின்–5 என்னும் புரதம் இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்துவிடுகின்றன. விண்மீன் வடிவ அணுக்களே தடுப்பை உருவாக்குகின்றன என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வணுக்கள் தோன்றுமுன்பே கருவில் தடுப்பு அமைந்துவிடுவதையும், அதற்கு நுண்குழாய்களைத் தழுவியிருக்கும் பெரிசைட் அணுக்கள் தேவை என்பதையும் 2010இல் வெளியான ஆய்வுகள் நிறுவின. எலியில் சூலுற்ற 15ஆம் நாளையொட்டி பெருமூளைப் புறணியின் தடுப்பு வேலைக்கு வருகிறது.

சுவரைப் போலவே, நுழைந்த பொருளை இரத்தத்துக்கே திருப்பியனுப்பும் கடத்திப் புரதங்களும் தடுப்பின் பகுதி. அவற்றுள் சில கருவில் குறைவு. எனவே ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரம்

மருந்து கருவின் மூளையை எட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஆய்வுக்கூட எலியிடம் கேட்காமல் தாய்மாரிடம் கேட்டது திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில் 1976இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய இது, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்து மக்களுக்குச் சென்னையைவிட நெருக்கமான 'ஸ்ரீ சித்ரா' இதுதான்.

இங்கே 1998இல் நரம்பியல் மருத்துவர் சஞ்சீவ் வி. தாமஸ் முன்னின்று கேரள வலிப்பு–கர்ப்பப் பதிவேட்டைத் தொடங்கினார். கருவுற்ற பெண் மருந்தை நிறுத்தினால் வலிப்பு தாய்க்கும் சேய்க்கும் கேடு. தொடர்ந்தால் மருந்து நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. பதிவேடு இப்பெண்களைக் கர்ப்பகாலம் முழுதும் தொடர்ந்தது. குழந்தைகளுக்கு இதய எதிரொலிச் சோதனையும், இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி அளவுகோல் கொண்ட மதிப்பீடும் நடந்தன. பள்ளி வயதை எட்டியவர்களின் மலையாள மொழித்திறனை அளக்க உள்ளூரிலேயே தேர்வு வகுத்துக்கொண்டனர். இறக்குமதித் தேர்வுகளை அப்படியே கையாளும் பழக்கத்துக்கு நடுவே இது பாராட்டுக்குரிய செயல். ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு மருந்துகள் கருவை எட்டிய குழந்தைகள் அறிவுத்திறன், மொழி ஆகியவற்றில் பின்தங்கியிருந்தனர். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தின் தீங்கை வேறு நாட்டுப் பதிவேடுகளும் உறுதிசெய்தன. தடுப்பைப் பதிவேடு நேரடியாக அளக்கவில்லை. அதைக் கடந்துவந்த மருந்தின் விளைவையே அளந்தது.

இன்றைய நிலை

கருவின் மூளையை எட்டுவது மருந்து மட்டுமல்ல. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் பதிவானது. இந்த வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருமூளையின் முன்னோடி அணுக்களைத் தாக்கும். வளரும் மூளையை ஆராய்வோருக்கு உதவியாக, 2024இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இரண்டாம் மும்மாதக் கருமூளைகளின் 5,132 வெட்டுப்படங்கள் கொண்ட 'தரணி' தொகுப்பை எல்லோருக்கும் திறந்து வெளியிட்டது.