கொடுமைக் காட்சியும் காண்போர் உள்ளமும்

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை இன்றைய மாணவர்கள் தொழிற்சாலைகளின் ஊர்களாகவே அறிவர். 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றியது. 1965-இல் ஆவடியில் ‘விஜயந்தா’ டாங்கி உருவாகி வெளிவந்தது. ஆனால், அதற்கு முன்னர் இவை பழைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள். தொண்டை மண்டலத்தின் பகுதிகள். வடதமிழகத் தெருக்கூத்து வளர்ந்த நிலப்பரப்பு இது. திரைப்படங்களில் குருதியும் கொலையும் மிகுந்துவிட்டன என்று பெரியோர் கவலைப்படும் இந்நாளில், கொடுமையைக் கலையில் காட்டலாமா, காட்டினால் காண்போர் உள்ளம் என்னாகும் என்ற வினாவிற்கு இந்தக் கூத்தே ஒரு விடை தருகிறது.

வினா புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் வெகுளியையும் ஒன்றாக வைத்தார். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் ஆகிய நான்கும் வெகுளி பிறக்கும் இடங்கள் என்றார். கொடுமையைக் கண்டவிடத்துச் சினம் கொள்வது மனித இயல்பு என்பது அவர் கருத்து. வடமொழி நாட்டிய சாத்திரமோ போரையும் சாவையும் அரங்கில் நேரே காட்டலாகாது, பாத்திரங்களின் உரையாடலால் உணர்த்துக என்று விதித்தது. கிரேக்க நாட்டிலும் கொலைகள் பெரும்பாலும் தூதன் வாய்மொழியாகவே அரங்கிற்கு வந்தன. கி.மு. 494-இல் பாரசீகர் மிலேத்தஸ் நகரை அழித்தனர். பிரினிக்கஸ் என்னும் புலவர் அதனை நாடகமாக்கியபோது ஏதென்ஸ் நகர அவையினர் அனைவரும் கதறி அழுதனர். தம் உறவினரின் துயரை நினைவூட்டிய குற்றத்திற்காக அப்புலவருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதிக்கப்பட்டது. அந்நாடகத்தை மீண்டும் ஆடலாகாது என்றும் ஆணை பிறந்தது. இச்செய்தியை எழுதிவைத்தவர் எரோதோத்தஸ்.

தமிழில் கொடுமையைப் பாடும் இலக்கியமே உண்டு. முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரை, ஏறத்தாழ 1110-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்ததை, செயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அதன் வீரன் கருணாகரத் தொண்டைமான். போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கும் பகுதி அச்சமும் நகையும் கலந்தது. அங்கே நாம் வென்றவனின் பக்கத்தில் நிற்கிறோம். மாண்ட கலிங்க வீரனுக்காக அழ அக்காவியத்தில் நமக்கு இடமில்லை.

தெருக்கூத்து வேறு வழியைக் கண்டது. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில் பகலில் பாரதக் கதை படிக்கப்படும். இரவு முழுவதும் கூத்து நிகழும். அக்கூத்துகளுள் ‘திரௌபதி துகிலுரிதல்’ மிகக் கொடிய காட்சியை உடையது. ஆனால், துச்சாதனன் வேடம் பூண்டவர் எடுத்த எடுப்பில் துகிலைப் பற்றுவதில்லை. ஆட்டம் நிற்கும், கற்பூரம் ஏற்றப்படும், தாம் செய்யப்போவது பாத்திரத்தின் செயலே என்று அவர் அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிக்கொள்வார். இது பல ஊர்களில் வழக்கம். திரௌபதியாக வருபவர் ஆடவரே. இழுபடுவதோ பெரும்பாலும் ஒரு தனித்துணி. எனினும் சபையில் கண்ணீர் பெருகும். சிலர் ஆவேசம் கொள்வர். மேனியைக் காட்டி இக்காட்சி வலிமை பெறவில்லை. அவையில் இருந்தோர் வாய் மூடியிருந்த இழிவைக் காட்டியே வலிமை பெற்றது. காண்போர் தாமும் அவ்வவையில் அமர்ந்திருப்பதை உணர்கின்றனர்.

விழாவின் இறுதியில் படுகளம். திறந்த வெளியில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் சமைக்கப்பட்டுக் கிடக்கும். வீமன் வேடதாரி அதன் தொடையைப் பிளக்கிறார். உள்ளே வைத்த செந்நீர் வழிகிறது. அதனைக் கொண்டு திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. ஊரார் சூழ்ந்து நின்று ஆர்ப்பரிக்கின்றனர். பழி முடிந்தது; ஆனால் கூத்து அதனோடு முடிந்துவிடவில்லை. வீழ்ந்தவனுக்காக ஒப்பாரி எழுகிறது. தீயவனாயினும் அவனும் ஒரு தாயின் மகன், ஒருத்தியின் கணவன் என்பதை ஊர் கேட்கிறது.

இதே சிக்கல் நம் காலத்தில் நீதிமன்றத்திற்கு வந்தது. சேகர் கபூர் இயக்கிய ‘பண்டிட் குயின்’ என்னும் இந்தித் திரைப்படம் 1994-இல் உருவாயிற்று. பூலன் தேவி என்னும் பெண் ஊரார் முன் ஆடையின்றி நடத்தப்பட்ட கொடுமையை அது காட்டியது. தடை கோரி எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அக்காட்சி இச்சையைத் தூண்டுவதன்று. கொடியோர்மீது அருவருப்பையும் துன்புற்றவள்மீது இரக்கத்தையும் எழுப்புவது என்று கூறித் திரையிட அனுமதித்தது. காட்சியைத் தனியே பிரித்துப் பாராமல், அது காண்போரை எப்பக்கம் நிறுத்துகிறது என்று நோக்கிய தீர்ப்பு அது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பூலன் தேவியே அப்படத்தை எதிர்த்து முன்னர் நீதிமன்றம் சென்றிருந்தார். பின்னரே உடன்பாடு ஏற்பட்டது. கூத்தில் துச்சாதனன் திரௌபதியிடம் முதலில் பொறுத்தருள வேண்டுகிறான். உயிருடன் இருந்த ஒரு பெண்ணின் துயரைக் காட்டியவர்களோ அவளது மனநிறைவை முதலில் பெற்றிருக்கவில்லை.

ஆகவே, கொடுமையைக் காட்டும் கலையெல்லாம் தீது என்று விலக்குதலும் பொருந்தாது. காட்டுவதெல்லாம் உண்மையே என்று போற்றுதலும் பொருந்தாது. ஒரு காட்சியைக் காணும் மாணவர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம். இது என்னை அடிப்பவன் பக்கம் நிறுத்துகிறதா, அடிபடுபவன் பக்கம் நிறுத்துகிறதா? துன்புற்றவரின் மானம் இதில் காக்கப்பட்டதா? வீழ்ந்தவருக்காக அழ ஒரு கணமேனும் எனக்கு இடம் தந்ததா? பரணியின் கேட்போர் முதல் வினாவில் தவறினர். இந்தித் திரைப்படம் இரண்டாவதில் இடறியது. எழுத்தறியாத மக்களும் விடிய விடியக் கண்ட கூத்து இம்மூன்றையும் மனத்திற்கொண்டிருந்தது. அவ்விரவுகளில் ஊர் கற்றது கொடுமையை அன்று. கொடுமையின் முன் வாளாவிருத்தலின் இழிவை.